மூன்று இரவுக்கு ஒரு மணி

கண் மருத்துவர் புள்ளிப் படங்களைப் புரட்டினார்.
எழுபத்து நான்கு, ஆறு, நாற்பத்தைந்து என
ஒளிந்திருந்த எண்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தேன்.
முதல் வகுப்புச் சான்றிதழ்.
வார்சாவிலிருந்து வூட்ச் திரும்பும் ரயிலில்
நான்கு முறை மடித்தேன், நான்கு முறை விரித்தேன்.
இனி உடம்பைச் சாக்குச் சொல்ல முடியாது.

பிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்.
ஒன்று வழவழப்பு:
பதினெட்டு மாதம், எண்பதாயிரம் யூரோ,
இந்த வாசலில் நுழைந்தால்
அந்த வாசலில் தோள்பட்டையோடு வரலாம்.
மற்றது நான் கிறுக்கியது,
டிராம் கால அட்டையின் முதுகில்:
தனியார் உரிமம். பிறகு இரவுப் பறப்பு.
பிறகு பதின்மூன்று தேர்வு.
பிறகு கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல்.
பிறகு இரட்டை எஞ்சின்.
ஒவ்வொரு பிறகுக்கும் நடுவில்
எத்தனை நாள் என்று எழுதவில்லை.

கண்ணாடிக் கட்டடத்துப் பள்ளிக்கும் போய்ப் பார்த்தேன்.
பாவனை விமானத்தில் பத்து நிமிடம் உட்காரவைத்தார்கள்.
பொய் வானம்தான்,
இறங்கும்போது முழங்கால் மட்டும் நிஜமாக நடுங்கியது.
திரு. ரதோஸ்வாவ் அழகாகச் சிரித்தார்.
"போன வருடம் முடித்தவர்களில்
எத்தனை பேர் இன்று பறக்கிறார்கள்?"
அவர் எனக்குக் காப்பி ஊற்றினார்.
நல்ல காப்பி.

அன்றிரவே அப்பா ஒரு படம் அனுப்பினார்.
க்ரூயெட்ஸ் பக்கத்தில் எங்கள் ஆப்பிள் தோட்டம்,
வங்கிக்காரர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு நடக்கிறார்.
கீழே ஒரே வரி: மரம் திரும்ப வளரும்.
வளரும்.
கடன் அதைவிடச் சீக்கிரம் வளரும்.

விமானக் கழகத்தின் கொட்டகையில்
செஸ்னாவின் வயிற்றுக்கடியில் ஜனெட்டா படுத்திருந்தாள்.
என் வயதுதான், முழங்கை வரை எண்ணெய்.
கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை:
"துண்டு துண்டாகப் படிக்கிறவர்கள்
துண்டுகளுக்கு நடுவில்தான் தொலைகிறார்கள்.
வாடகை ஏறும். குழந்தை பிறக்கும்.
ஒரு குளிர்காலம் முழுக்க மேகமாகவே போகும்.
நானே நாற்பத்தோராவது மணியில் நிற்கிறேன்,
மூன்று வருடமாக."
பிறகு ஸ்பேனர் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

கணக்குப் போட்டேன்.
வானத்தில் ஒரு மணிக்குத்
தண்டவாளத்தில் மூன்று இரவு.
இருநூறு மணிக்கு அறுநூறு இரவு,
அறுநூறு இரவும் எனக்குப் பசிக்காமல் இருந்தால்.

வியாழன், இரண்டே கால்.
ஆலை முக்கில் தடம் பிரியும் நாக்கு உறைந்துபோய்
மின்சாரத்துக்கு மசியவில்லை.
இரும்புக் கம்பியோடு இறங்கினேன்.
கடைசி இருக்கையில் ஒருவர் வாய் திறந்து தூங்குகிறார்.
பனியைச் சுரண்டி, கம்பியைச் செருகி,
முழு எடையும் போட்டு நெம்பினேன்.
டக்.
ஆறு வருடமாக இப்படித்தான்:
வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால்.
இதை ஏதோ சகுனம் என்று நினைக்கவேண்டாம்.
குளிரில் யோசனை சுருங்கிவிடும், அவ்வளவுதான்.

விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன்.
"வங்கிக்காரரைப் போகச் சொல்லுங்கள்."
மறுமுனையில் நாய் மட்டும் குரைத்தது.
"அப்போ, பறக்கமாட்டியா?"
"மெதுவாப் பறப்பேன்."
மெதுவாகப் பறந்தால் விமானம் விழுந்துவிடும்,
அது அவருக்கும் தெரியும்.
இருவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பதுக்கு என் முதல் மணி.
எட்டரைக்கே மூடுபனி,
ஓடுபாதையின் மறுமுனை இருக்கிறதா என்றே தெரியவில்லை.
ஜனெட்டா கதவோரம் நின்று தலையை ஆட்டினாள்.
நீல அட்டைப் பதிவேடு, புதுசு.
போக்னா வில்செக் என்று பெயர் எழுதினேன்.
தேதி எழுதி, அடித்தேன்.

பணிமனைக்குப் போன் போட்டு
இன்றிரவு ஆள் வேண்டுமா என்றேன்.
வேண்டுமாம். பதினாறாம் தடம்.
சட்டைப்பையில்
மூன்று இரவின் காசு
அப்படியே இருக்கிறது,
மடித்த மடிப்புக் கலையாமல்.